பலகைக்காரன்

5.7.1987, ஞாயிறு, காலை 10 மணி முதல் 11.30 வரை கூடத்தில் இருந்தவர்கள்:

1. ஜானகிராமன் (நான்).
2. செல்வாம்பாள், என் மனைவி.
3. கோவிந்தராசு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற சர்ஜான். அழைக்காமல் வந்தவர்.
4. முருகையன், ரேடியோ ரிப்பேர்.
5. காத்தவராயன், வீட்டு வேலை.
6. வேம்பு, மேற்படியான் மனைவி. இரண்டு தடவை உள்ளே வந்தாள்.

நான்காவது ஆள் நான். பிரெஞ்சு வழக்கில் நாங்கள் முசே என்று கூப்பிடுகிற ஜானகிராமன் இந்தப் பட்டியலை நீல மையில் எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, கூடத்துக் காலண்டருக்குக் கீழே குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு தாளில் கூடத்தின் படம். மேசை, நாற்காலிகள், தெரு ஜன்னல், பின்கட்டுக்குப் போகிற கதவு. யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கு எண் போட்ட வட்டங்கள். தரையில் உட்கார்ந்திருந்த காத்தவராயனுக்கு மட்டும் அரைவட்டம். முசே இருபத்திரண்டு வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதில் பாதிக் காலம் கிடங்குக் காவல். தன் பெயரை முதலில் எழுதியதை நியாயம் என்று அவர் நினைத்தார். அதை எழுதி முடித்தபின் மீதி ஐந்து பேரைச் சந்தேகிக்க அவருக்குக் கூச்சமே இல்லாமல் போயிற்று.

காணாமல் போனது ஒரு கிரிஸ்டல். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகட்டு டப்பா, அதன் கீழே இரண்டு கம்பிக் கால்கள், நெற்றியில் ஒரு எண். ரிமோட்டுக்குள் ஒன்று இருக்கும், பொம்மைக்குள் ஒன்று இருக்கும். இரண்டும் ஜோடி. ஒன்று போனால் ரிமோட் என்ன சொல்கிறதென்று பொம்மைக்குக் கேட்காது. வேறு எண்ணுள்ள கிரிஸ்டலைப் போட்டால் ஓடாது. பாண்டிச்சேரியில் எந்தக் கடையிலும் அந்த எண் கிடையாது. மெட்ராஸில் தேடலாம், கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பிரான்சில் தூலோனில் இருக்கிற முசேயின் மகனுக்கு எழுதினால் கடிதம் போய்ச் சாமான் வர ஒரு மாதம் ஆகும். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

பொம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் ஜனவரியில் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியது. ஒன்றரை அடி நீளப் பலகை, அதன்மேல் முழங்காலை மடக்கி நிற்கிற ஒரு பிளாஸ்டிக் ஆள். பலகைக்கு அடியில் சின்ன விசிறி. ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால் ஆள் இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பான், பலகை அந்தப் பக்கம் திரும்பும். அலை புரட்டிப் போட்டால் அடியில் உள்ள கனத்தால் தானே நிமிர்ந்துகொள்வான். அட்டைப்பெட்டியில் பிரெஞ்சில் ஏதோ பேர் போட்டிருந்தது. நாங்கள் பலகைக்காரன் என்றோம். அவனுக்கு மஞ்சள் முடி இருந்தது. முசே என்னைக் கொண்டு அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் செய்தார், மீசையும் வைக்கச் சொன்னார். வைத்தபின் அவனுக்கு முசேயின் கல்யாணப் போட்டோவின் சாயல் வந்துவிட்டது. செல்வாம்பாள் அம்மா மட்டும் அதைப் பார்த்துச் சிரித்தார்.

இதெல்லாம் கோவிந்தராசுவுக்காக. போன வருடம் ஜூலை பதினாலு அன்று, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துக் கொடியேற்றி முடித்தபின், கோவிந்தராசு சாக்குப் பையிலிருந்து ஒரு ரிமோட் படகை எடுத்துக் கடலில் விட்டார். அத்தனை பென்ஷன்காரர்களும் பெஞ்சாதிகளும் கைதட்டினார்கள். முசே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாராம். அவர் கப்ரால், கோவிந்தராசு சர்ஜான். பட்டாளத்தில் ஒரு படி கீழே இருந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். கடற்கரையிலும் கீழே இருப்பது முடியவில்லை.

பலகைக்காரன் குளத்துக்குச் செய்யப்பட்டவன். முதல் தடவை பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலில் விட்டபோது இரண்டாவது அலையிலேயே மூழ்கினான். காத்தவராயன் குதித்துக் கழுத்தளவு தண்ணீரில் போய்த் தூக்கி வந்தான். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் நின்றுவிட்டவன். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் இரவு ஷிப்ட். பகலில் ரேடியோவும் டேப்பும் ரிப்பேர். நான் பலகையைப் பிரித்து மூடி இடுக்குகளுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி வளையம் போட்டேன். விசிறித் தண்டு போகிற ஓட்டையில் கிரீஸ் அடைத்தேன். பிரான்சிலிருந்து வந்த பேட்டரி சார்ஜ் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டுப் பேனா பேட்டரிக் கட்டைகள் ஆறு போட்டேன். அவை கனம், பலகை மூக்கு அமுங்கியது. வம்பாக்கீரப்பாளையத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் ஒட்டி, தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி ஒட்டினேன். நாலு வாரம் ஆயிற்று. ஜூன் கடைசியில் பலகைக்காரன் கடலில் ஏழு அலை தாண்டினான். எட்டாவதில் புரண்டு நிமிர்ந்தான். காத்தவராயன் தண்ணீரில் நின்றபடி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். முசே யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

உப்புத் தண்ணீர் விடாது. ஒவ்வொரு தடவையும் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் போனேன். ஷிப்ட் முடித்து நேராகப் போனேன், தூங்கவில்லை. தூங்க இடமும் இல்லை. நெல்லித்தோப்பில் அண்ணன் வீட்டில் ஒரே அறை. அண்ணி கமலவேணி நல்லவள்தான், ஆனால் பகலில் படுத்துக் கிடக்கிற ஆம்பிளையைப் பார்த்தால் அவளுக்கு ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்க்கத் தோன்றும். நான் மூன்று வருடமாக நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை.

முசே வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை இருந்தது. ஓடு வேய்ந்தது, தனிக் குழாய், தனி மீட்டரிலிருந்து லைட், சுவரில் இரண்டு பிளக். காத்தவராயனும் வேம்பும் அதில் இருந்தார்கள். காத்தவராயன் வேலை செய்த மில் நின்றதிலிருந்து ஆறு வருடம். வாடகை கிடையாது, வீட்டு வேலைக்குப் பதில் அறை. ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே இருட்டாக, சத்தமில்லாமல், கிணற்றடி போல் இருந்தது.

"நல்ல ரூமுண்ணே. இங்க ஒரு மேச போட்டா கடையே நடத்தலாம்" என்றேன்.

"போடேன். நாங்க மேச மேல படுத்துக்கறோம்" என்றான் காத்தவராயன்.

சிரித்தோம். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கப்புறம் ஷிப்டில் மூடிகள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நான் அந்த அறையில் மேசையை வேறு வேறு சுவரோரம் போட்டுப் பார்த்தேன். எங்கே போட்டாலும் காத்தவராயன் பாய் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. மேசையில் துணி விரித்துப் பலகையைப் பிரித்தேன். காத்தவராயன் தரையில் உட்கார்ந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கிரிஸ்டலைப் பிடுங்கி அவனிடம் காட்டினேன்.

"இதான்ணே இவன் உசுரு."

"இம்மாத்துண்டா" என்றான் அவன். கையில் வாங்கவில்லை, பார்த்தான்.

கால்களில் பச்சை இருந்தது. சுரண்டினேன். வேம்பு காப்பி கொண்டுவந்தாள். கோவிந்தராசு உள்ளே வந்து, பேப்பர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பேப்பரைப் பார்க்காமல் பலகைக்காரனைப் பார்த்தார்.

"மீச யாருது, கப்ரால்?"

"இருக்கறவனுக்கு இருக்கும்" என்றார் முசே. கோவிந்தராசுவுக்கு மேலுதட்டில் ஒன்றும் முளைக்காது.

செல்வாம்பாள் அம்மா தன் ரேடியோ கரகரக்கிறது என்று கூப்பிட்டார், நான் சாமான்களைப் பையில் அள்ளிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன். வேம்பு டம்ளர் எடுக்க வந்தாள். கோவிந்தராசு கிளம்பினார். வாசலில் காத்தவராயனிடம் ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மேசையில் இருந்த பித்தளை மூடி காலி. கிரிஸ்டலை அதில்தான் வைத்தேன். வைத்தது என் கண்ணில் நிற்கிறது. மூடியில் விழுந்தபோது வந்த சத்தம்கூடக் காதில் இருக்கிறது. இதை நான் எல்லோரிடமும் சொன்னேன், சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன்.

முசே தெருக்கதவைச் சாத்தச் சொன்னார். என் பையை நானே எடுத்துக் கவிழ்த்தேன். என்னைச் சோதிக்கச் சொன்னால் முதலில் எனக்குத்தான் நல்லது. சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், டெஸ்டர், கட்டிங் பிளேயர், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் ஒன்று. ரிப்பேர்காரன் எவனும் அதை வைத்திருப்பான். பிரிக்கிற சாமானின் திருகுகளை அதில் ஒட்டவைத்தால் உருண்டு போகாது. என் காந்தத்தில் பலகைக்காரனின் திருகுகளும், வேறு ஏழெட்டு ரேடியோக்களின் துருப்பிடித்த திருகுகளும், இரும்புத் தூளும் முள்ளெலிபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. முசே அதையும் ஒரு பார்வை பார்த்தார். பழையபடி தரையில் உட்கார்ந்திருந்த காத்தவராயன் எழுந்து வேட்டியை உதறிக் காட்டினான். வேம்பு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் முசே கூடத்தைத் தானே பெருக்கினார். குப்பையை வேம்புவின் மாவுச் சல்லடையில் சலித்தார். சாக்கடை மூடியைத் திறந்து குச்சியால் கிண்டினார். மறுநாள் பட்டியல் எழுதினார். செவ்வாய்க்கிழமை நான் போனபோது பட்டியல் சுவரில் இருந்தது. முசே என்னை உட்காரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு, நான். ரெண்டு, மதாம். இது ரெண்டையும் விடு. மூணாவது ஆளு மேச கிட்டயே வரல, நான் பாத்துக்கினே இருந்தேன். நாலு நீ. பலக ஓடுனா பேரு உனுக்கு. நீ எடுத்து இன்னா பண்ணப் போற? அலோர், அப்ப யாரு மிச்சம்?"

நான் சுவரிலிருந்த அரைவட்டத்தைப் பார்த்தேன்.

"வாசல்ல கோவிந்தராசு அவன்கிட்ட இன்னாத்த கேட்டான்? நீ பாத்தியா இல்லியா?"

"பேசிக்கிட்டாங்க முசே. என்ன பேசுனாங்கன்னு கேக்கல."

இது உண்மை. ஆனால் சொன்ன விதம் உண்மை இல்லை. வாயை மூடிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி, தெரிந்ததை மறைக்கிறவன் மாதிரிச் சொன்னேன். நானும் காத்தவராயனைத்தான் சந்தேகப்பட்டேன். கோவிந்தராசு சாராயத்துக்குக் காசு கொடுத்திருப்பார், அல்லது அவருடைய படகை ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார். காத்தவராயனுக்கு அந்த ரிமோட்டைப் பிடிக்க எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் கடலில் குதித்துக் குதித்துப் பொம்மையைத் தூக்கி வந்தவன், ஒருநாள்கூட அதன் குச்சியைத் தொட்டதில்லை. முசே கொடுக்கமாட்டார். எனக்கு அதைக் கொடுக்கத் தோன்றவில்லை.

அந்த இரண்டு மூன்று நாளில் வீடு மாறிவிட்டது. செல்வாம்பாள் அம்மா சர்க்கரை டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். காணாமல் போனதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க முடியாது. வேம்பு காப்பியைக் கூடத்துக்கு வெளியே வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். காத்தவராயன் வேலைகளைச் சத்தமாகச் செய்ய ஆரம்பித்தான். வாளியை வைத்தால் தரை கேட்கும்படி வைத்தான். தான் எங்கே இருக்கிறான் என்று எல்லோருக்கும் எப்போதும் தெரியட்டும் என்பதுபோல். என்னைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அது குற்றவாளியின் பார்வை என்று நினைத்தேன்.

புதன்கிழமை அண்ணன் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டரைப் பிரிக்க உட்கார்ந்தேன். நீளத் திருகு ஒன்று தேவைப்பட்டது. காந்தத்தில் ஒட்டியிருந்த குப்பையை விரலால் தள்ளினேன். துருவுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று மின்னியது. கால்கள் காந்தத்தில், டப்பா வெளியே. எண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிரிஸ்டலின் டப்பா காந்தத்தில் ஒட்டாது. கால்கள் ஒட்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சுரண்டியபின் திருகுகளோடு சேர்த்துக் கையிலிருந்ததைக் காந்தத்தில் வைத்திருக்கிறேன். பித்தளை மூடியில் வைத்தது முந்தின வாரம். சத்தமும் முந்தின வாரத்துச் சத்தம். தூக்கமில்லாதவனுக்கு நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும், கார்பன் தாள் இல்லாமலே நகல் விழும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் என்று எனக்கு நானே அன்றைக்கே பலதடவை சொல்லிக்கொண்டேன். பலதடவை சொல்ல வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நேராகப் போய், முசே, என் காந்தத்தில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முசே பட்டியலை எடுத்து நான்காவது பெயரின் கீழே கோடு போடுவார். நாலு நாள் கழித்துத் திருடன் பயந்து கொண்டுவந்து கொடுத்தான் என்பார். கோவிந்தராசுவுக்குத் தெரியும், அப்புறம் எல்லாச் சொல்தாக்களுக்கும் தெரியும். உப்பளத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை அவர்கள் வீட்டு டேப்புகளும் வீடியோ டெக்குகளும் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு வருடம் அப்படி வந்தால் ஷிப்டை விட்டுவிடலாம். திருட்டுப் பெயர் வந்தால் பாட்டில் மூடிதான். ஆகையால் யாருக்கும் பழி இல்லாமல் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். அதுதான் நான் செய்ததிலேயே மோசமானது.

வியாழக்கிழமை காலை கிரிஸ்டலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மறுபடி தேடலாம் என்று முசேயிடம் சொன்னேன். கூடத்தில் நாலு காலில் தவழ்ந்தேன். பின்கட்டுக் கதவுக்குக் கீழே, வாசற்படிக் கல்லுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. விரலை விட்டு, நகத்தால் நெம்புகிற மாதிரி நெம்பி, எடுத்துக் காட்டினேன்.

"கெடச்சிடுச்சி முசே. உருண்டு வந்து இங்க விழுந்திருக்கு."

முசே வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சுவரிலிருந்த படத்திடம் போனார். பின்கட்டுக் கதவின்மேல் விரலை வைத்தார்.

"இந்த எடுக்குல ஞாயித்துக்கெழமையே நான் தொடப்பக் குச்சி உட்டுப் பாத்தேன். திங்கக்கெழம டார்ச் அடிச்சிப் பாத்தேன். ஒண்ணுமில்ல."

"உள்ள மாட்டியிருக்கும் முசே. பெருக்கறப்ப வெளிய வந்திருக்கும்."

"ஞாயித்துக்கெழம இல்லாதது வியாழக்கெழம இருக்குதுன்னா யாரோ கொண்ணாந்து வச்சான்னு அர்த்தம். இந்தக் கதவு வழியா வர்றவன் போறவன் யாரு?"

அந்த வழியாகப் போகிறவர்கள் இரண்டே பேர். எத்தனையோ இடுக்கு இருந்த கூடத்தில் அந்த இடுக்கை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் உண்டு. அதுதான் பெரிய இடுக்கு. இன்றைக்கும் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

"அவரா இருக்காது முசே. நல்ல மனுசன்" என்றேன்.

"நல்லவன்தான். அதான் பயந்துகினு திரும்ப வச்சிட்டான்" என்றார் முசே. "நீ அவனுக்குப் பரிஞ்சி பேசாத. உனுக்கு வயசு பத்தாது. கிடங்குல நான் பாத்திருக்கேன். எடுக்கறவன் தூக்கிகினு ஓடமாட்டான். பக்கத்துலயே வச்சிகினு வேடிக்க பாப்பான்."

அந்தச் சமயத்தில் சொல்லியிருந்தாலும் நேரம் இருந்தது. நான் கிரிஸ்டலைப் பலகைக்குள் பொருத்தினேன். ரிமோட்டைத் தள்ளினேன். பலகைக்காரன் இடுப்பைச் சாய்த்தான், நிமிர்ந்தான், மறுபக்கம் சாய்த்தான். விசிறி காற்றில் சுற்றியது. முசே காத்தவராயனைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அறையைத் திங்கட்கிழமை காலி பண்ணிவிடு, செவ்வாய் பதினாலு, அன்றைக்கு வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். காத்தவராயன் ஏன் என்று கேட்கவில்லை. முசேயைப் பார்த்தான், சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தான், அதை அவனால் படிக்க முடியாது. அப்புறம் மேசையில் ஆடிக்கொண்டிருந்த பொம்மையைப் பார்த்தான்.

"ஓடுதா" என்றான் என்னிடம்.

"ஓடுது."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். வேம்பு அங்கே எதையோ தரையில் எறிந்தாள். உருண்டு உருண்டு அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை முசே என்னிடம், வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வேண்டும், பின்கட்டு காலியாகப் போகிறது, நீ மேசை போட்டுக்கொள், பகலில் தூங்கிக்கொள், வாடகை வேண்டாம், தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துவிடு என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அந்த இரவு ஷிப்டில் மேசையை வடக்குச் சுவரோரம் போட்டேன், பாய் இடிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் போனேன். மறுநாளைக்காகப் பேனாக் கட்டைகளை மாற்ற வேண்டியிருந்தது. புதுக் கிரீஸ் வைத்தேன், மூடிகளை இறுக்கினேன், மீசை உப்பில் கரைந்திருந்ததைத் திரும்ப வரைந்தேன். பலகைக்காரன் தயார். வேம்பு மத்தியானமே பாத்திரங்களோடு அரும்பார்த்தபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். காத்தவராயன் கடைசியாகத் தகரப் பெட்டியோடு பின்கட்டுக் கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்தான். பின்பக்கம் சந்து இருக்கிறது. அதன் வழியாகப் போயிருக்கலாம். முசேதான் தெருவாசல் வழியாகப் போகச் சொல்லியிருந்தார், பெட்டியைத் திறந்து பார்க்க. அவன் தானே திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். இரண்டு வேட்டி, மில் அடையாள அட்டை, ஒரு சாமி படம், ஒரு ஜோடி செருப்பு. செருப்பைக்கூட முசே தட்டிப் பார்த்தார்.

பெட்டி கனமில்லை. ஆனாலும் ஒரு பக்கக் காதை நான் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பிடித்தேன் என்று தெரியாது. வாசற்படி வரை இரண்டு பேரும் தூக்கிப் போனோம். முசே பின்னால் சாவிக்கொத்தோடு கூடத்து நடுவில் நின்றார். படியில் இறங்கினதும் காத்தவராயன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குரலை உயர்த்தவில்லை.

"காந்தத்துல இருந்திச்சில்ல."

நான் அவனைப் பார்த்தேன்.

"நீ பைய கவுத்தப்பவே பாத்தேன். நான் கீழ குந்திகினு இருந்தேனா, அடிப்பக்கம் தெரிஞ்சிது. துருவுக்குள்ள பளபளன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"எப்பிடிச் சொல்றது. நீ எதுனா காரணத்தோட வச்சிருப்பேன்னு நெனச்சேன். மாட்டிவுட வேணாம்னு வுட்டேன்." பெட்டியைத் தோளுக்கு ஏற்றினான். "நாலு நாளா உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன். இப்ப சொல்லுவான், அப்ப சொல்லுவான்னு."

"நான் வேணும்னு வைக்கலண்ணே. எனக்கே புதன்கெழமதான் தெரியும்."

அவன் அதை நம்புகிறானா என்று தேடினேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் இறங்குமுன் அலையைப் பார்த்து நிற்பானே, அந்த முகம்.

"அந்த ரூமு வேணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாம் தம்பி" என்றான். "நாளைக்கு அலை பெருசா இருக்கும். அத எடுக்க ஆள் பாத்து வச்சிக்க."

"இன்னா சொல்றான்?" என்று முசே உள்ளேயிருந்து கேட்டார்.

காத்தவராயன் நின்றான். பெட்டியைத் தோளில் வைத்தபடி, முகத்தைப் பாதி திருப்பி, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அது மூலை திரும்புகிற வரை எனக்கு நேரம் இருந்தது.

"ஒண்ணுமில்ல முசே. போய்ட்டு வரேன்றாரு" என்றேன்.

படியேறி உள்ளே வந்தேன். முசே என்னைத் தாண்டிப் போய் இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தினார். கதவுக்கு அடியில் சாயங்கால வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது, அதன் நடுவில் இரண்டு கால்களின் இருட்டு. கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது. முசே தாழ்ப்பாளை இழுத்தார், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார், பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் குனிந்து பார்த்தபோது கோடு முழுசாக இருந்தது.

முசே கொத்திலிருந்து பின்கட்டுச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அங்கே திருகுகளோடு கிடந்த என் காந்தம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.